வாசிக்க மறுத்த செக்டர்கள்: ஓட்டமாவடி வன்தட்டு ஒன்றின் நினைவு

வன்தட்டு என்பது காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகளை நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலவிட்டு, அவற்றுக்கு மேலே சில நானோமீற்றர் உயரத்தில் மிதக்கும் ஒரு தலையின் வழியாகத் தரவை எழுதியும் வாசித்தும் வரும் கருவியாகும். அத்தகட்டின் பரப்பு செக்டர் எனப்படும் சிறு துண்டுகளாக வகுக்கப்பட்டிருக்கும். 2010ஆம் ஆண்டளவு வரை வெளிவந்த தட்டுகளில் ஒரு செக்டர் 512 பைட்டுகளைக் கொண்டிருந்தது, அதன் பின்னர் 4096 பைட் வழக்கத்துக்கு வந்தது. ஒவ்வொரு செக்டரிலும் தரவோடு சேர்த்து, வாசிப்பில் நேரும் சிறு பிழைகளைக் கணக்கிட்டுத் திருத்துவதற்கான மேலதிகக் குறிகளும் எழுதப்படுகின்றன. பிழை அக்குறிகளால் திருத்த முடியாத அளவுக்கு மிகும்போது, தவறான தரவைக் கொடுப்பதற்குப் பதிலாகத் தட்டு அந்தச் செக்டரை வாசிக்க மறுத்துவிடுகிறது. பேட் செக்டர் என்று கடைகளில் சொல்லப்படுவது இந்த மறுப்பே. 500 ஜிபி தட்டு ஒன்றில் 512 பைட் அளவுள்ள 976,773,168 செக்டர்கள் உள்ளன. அவற்றுள் இருபது முப்பது மறுத்தாலே ஒரு கணினி முழுவதும் உறைந்து நின்றுவிடக்கூடும்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபகுதியில், வாழைச்சேனைக்கு அருகே களப்பு நீரை அண்டியிருக்கும் ஓட்டமாவடி, இத்தகைய தட்டுகளுக்கு இதமான இடமன்று. வன்தட்டு முற்றாக அடைக்கப்பட்ட பெட்டி என்று பலர் எண்ணினாலும், அக்காலத்துத் தட்டுகளில் உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமப்படுவதற்காக வடிகட்டி பொருத்திய ஒரு சிறு துளை இருந்தது. தூசியை அவ்வடிகட்டி தடுத்தாலும் ஈரத்தை முழுமையாகத் தடுப்பதில்லை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தின் ஈரமும், கச்சான் வீசும் மாதங்களின் வெப்பமும் புழுதியும், களப்பிலிருந்து வரும் உப்புக் காற்றும் தட்டின் அடிப்பக்கச் சுற்றுப்பலகையிலுள்ள தொடுமுனைகளைக் கறுக்கச் செய்தன. இவற்றுக்கு மேலாக, எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் நின்றுபோவது அவ்வூரில் சாதாரண நிகழ்வாக இருந்தது. அப்போது பாதி எழுதப்பட்ட செக்டரில் தரவும் திருத்தக் குறிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமற் போவதால், காந்தப் பரப்பு பழுதடையாமலே அந்தச் செக்டர் வாசிக்க முடியாததாகிவிடுகிறது. காந்தப் பரப்பே பழுதடைவதை வன்பழுது என்றும், இவ்வாறு பரப்பு கெடாமல் நேர்வதை மென்பழுது என்றும் பிரித்தறிவதே திருத்த வேலையின் பெரும்பகுதி.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றதைத் தொடர்ந்த ஆண்டுகளில், கொழும்பிலிருந்து ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்து வந்த பொருட்களில் பாவித்த கணினிகளும் கணிசமாக இருந்தன. அப்பாலம் நெடுங்காலம் புகைவண்டியும் வாகனங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து கடந்த ஒற்றை இரும்புப் பாலமாக இருந்ததை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். வெளிநாட்டு அலுவலகங்களில் சில ஆண்டுகள் உழைத்துக் களைத்த அந்தக் கணினிகளின் தட்டுகள், ஊருக்கு வரும்போதே ஆயுளின் பாதியைக் கடந்திருந்தன. அருகிலுள்ள வாழைச்சேனையில் 1950களின் நடுப்பகுதியில் எழுந்த கடதாசி ஆலை வைக்கோலிலிருந்து கடதாசி செய்து நாட்டின் பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பிய காலத்தில்தான், அதாவது 1956இல், ஐபிஎம் நிறுவனம் ஐம்பது பெரும் தகடுகளைக் கொண்ட முதலாவது வன்தட்டை வெளியிட்டது. அதன் கொள்ளளவு இன்றைய ஒன்றிரண்டு புகைப்படங்களுக்கே போதுமானது. அரை நூற்றாண்டு கழிந்தபோது ஆலை நலிந்திருந்தது. ஊரின் கணக்குகளும் திருமணப் படங்களும் அழைப்பிதழ்களும் கடதாசியைவிட்டு இத்தட்டுகளுக்குக் குடிபெயர்ந்திருந்தன. ஈரத்தில் நனைந்த கடதாசியை வெயிலில் உலர்த்தி வாசிக்கலாம் என்பதை அறிந்திருந்த மக்கள், தட்டுக்கும் அதுபோன்ற ஒரு வழி இருக்கும் என்றே நம்பினார்கள்.

இந்த நினைவுகளுக்கு உரியவர் அந்நாட்களில் ஓட்டமாவடிப் பிரதான வீதியை ஒட்டியிருந்த ஒரு கணினித் திருத்தகத்தில் வேலை பழகிய இளைஞர். அக்கடைக்கு லினக்ஸ் வந்த வழி எளிமையானது. உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிட்ட கனோனிக்கல் நிறுவனம், கேட்பவர் எந்நாட்டில் இருந்தாலும் குறுவட்டுகளைத் தபாலில் இலவசமாக அனுப்பும் ஒரு திட்டத்தை 2011 வரை நடத்திவந்தது. வேகமான இணையம் எட்டாத ஊர்களுக்கு லினக்ஸ் தபாற்கந்தோர் வழியாகவே வந்துசேர்ந்தது. வன்தட்டைத் தொடாமல் குறுவட்டிலிருந்தே கணினியை இயக்க முடிந்தமைதான் திருத்துநர்களை முதலில் ஈர்த்தது. விண்டோஸ் நிறுவப்பட்ட ஒரு தட்டு பழுதுறும்போது, கணினியை முடுக்கியவுடன் விண்டோஸ் தானாகவே அத்தட்டைச் சோதித்துச் சரிசெய்ய முற்பட்டு, நலிந்த பரப்பின்மீது மணிக்கணக்கில் எழுதவும் வாசிக்கவும் செய்யும். லினக்ஸ் குறுவட்டிலோ, சொல்லும் வரை தட்டு சும்மா இருக்கும். நோயாளியான தட்டுக்கு முதலில் தேவைப்படுவது இந்த ஓய்வுதான் என்பதைக் கடைக்காரர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

அக்காலத்தில் ஊர்க்கடைகளில் நிலவிய சிகிச்சைகள் வேறு. காந்தப் புலத்தை மீட்டெடுத்துப் பேட் செக்டரைக் குணமாக்குவதாகச் சொல்லப்பட்ட மென்பொருட்களின் திருட்டுப் பிரதிகள் கைமாறின. ‘லோ லெவல் ஃபோர்மட்’ செய்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையும் வலுவாக இருந்தது. உண்மையில், புதிய தட்டுகளில் பாவனையாளர் செய்யக்கூடிய அத்தகைய ஃபோர்மட் என்பது முழுப் பரப்பிலும் சுழியங்களை எழுதுவதேயன்றி வேறில்லை. அதனால் தட்டு சிலவேளை சீராகத் தோன்றும். உள்ளிருந்த அனைத்தும் போய்விடும்.

தட்டு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் முறையை இங்கு விளக்க வேண்டும். ஒவ்வொரு வன்தட்டிலும் பாவனையாளர் கண்ணிற் படாத உபரிச் செக்டர்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு செக்டரை வாசிக்க முடியாதபோது தட்டு அதனை ஐயத்துக்குரியது என்று குறித்துவைத்துக் காத்திருக்கும். அதன்மீது புதிதாக எழுதுமாறு கட்டளை வரும்வரை எதுவும் செய்யாது. எழுதும்போது அவ்விடம் நன்றாக ஏற்றுக்கொண்டால் குறிப்பு நீங்கும். ஏற்காவிட்டால் அந்தச் செக்டரின் இலக்கம் உபரி இடமொன்றுக்கு மாற்றப்படும். உவர் ஏறிய ஒரு வரவையைக் கைவிட்டு, அதே உறுதி இலக்கத்துக்கு வேறொரு காணித்துண்டைக் கொடுப்பது போன்றது இது. பழைய வரவையில் நின்ற பயிர் புதிய துண்டுக்கு வருவதில்லை. ஆகவே பேட் செக்டரைத் திருத்துதல் என்பது அவ்விடத்தில் இருந்த தரவை இனித் தேடுவதில்லை என்று முடிவெடுத்து அதன்மீது எழுதுவதாகும். இதனை விளங்கிக்கொள்ளாத திருத்துநர், பிறர் உடைமையை அவர் அறியாமலே அழிப்பவராகிறார். இந்த நினைவுக்குரியவர் அக்கடையில் கற்றவற்றுள் முதன்மையானது, எழுதும் கட்டளை எதையும் உரிமையாளர் கேட்டறிந்து சம்மதித்த பின்னரே கொடுக்க வேண்டும் என்பதே.

தட்டின் நிலையை அறிவதற்கு ஸ்மார்ட்மொன்டூல்ஸ் என்னும் தொகுதியின் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை பயன்பட்டது. புரூஸ் அலன் என்ற இயற்பியலாளர் 2002இல் தொடங்கிய திட்டம் அது; ஸ்மார்ட் எனப்படும் தட்டின் சுய கண்காணிப்புப் பதிவை அது வாசித்துக் காட்டுகிறது. அதில் 5ஆம் இலக்க வரி இடமாற்றப்பட்ட செக்டர்களின் தொகையையும், 197ஆம் வரி ஐயத்துக்குரியவையாய்க் காத்திருப்பவற்றின் தொகையையும், 199ஆம் வரி கேபிள் வழியே வந்த தரவில் நேர்ந்த பிழைகளையும் தருகின்றன. ஓட்டமாவடியைப் பொறுத்தவரை இந்த 199ஆம் வரியே பல தட்டுகளைக் காப்பாற்றியது எனலாம். மற்ற இரண்டும் சுழியமாயிருக்க இது மட்டும் ஏறிச் சென்றால், பழுது தகட்டிலன்றிக் கேபிளிலோ தொடுமுனையிலோ இருக்கிறது என்பது பொருள்; கேபிளை மாற்றி, உப்புக் காற்றில் கறுத்த தொடுமுனைகளை மாணவர்களின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தவுடன் தட்டு பழையபடி இயங்கிய சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் ஸ்மார்ட் பதிவை முழுமையாக நம்பவும் கூடாது. கூகுள் நிறுவனத்தார் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கை, பரப்புச் சோதனையில் முதற் பிழையைக் காட்டிய தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை காட்டாத தட்டைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டது. அதே அறிக்கை, செயலிழந்த தட்டுகளுள் 56 வீதத்துக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளுள் எதையும் முன்கூட்டிக் காட்டவில்லை என்றும் பதிவு செய்தது.

2011 சனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பெருவெள்ளம் மூடியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் தாய்லாந்தில் ஏற்பட்ட வெள்ளம் வன்தட்டுத் தொழிற்சாலைகளை மூழ்கடித்ததால் உலகெங்கும் தட்டுகளின் விலை ஏறியது. இந்தச் சூழலில்தான் ஊரிலுள்ள ஒரு ஸ்டூடியோவின் 500 ஜிபி தட்டு கடைக்கு வந்தது. பல ஆண்டுத் திருமணப் படங்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஊர்ப் பள்ளிவாசலின் வரலாற்றைத் தட்டச்சுச் செய்வித்து வைத்திருந்த கோப்பும் அதில் இருந்தன. எதற்கும் இரண்டாவது பிரதி இல்லை. ஆசிரியரின் கையெழுத்துப் பிரதி வெள்ளத்தில் ஊறிப் போயிருந்தது. தட்டின் விலை அறிந்த ஸ்டூடியோக்காரர், அதே தட்டைத் திருத்தித் தந்தால் போதும் என்றே முதலிற் கேட்டார். திருத்துதல் என்பதன் பொருளையும், அதற்கு முன் பிரதி எடுக்க இன்னொரு தட்டு வேண்டும் என்பதையும் கடைக்காரர் விளக்கிய பின்னர் சற்று நேரம் யோசித்து, “ஹார்ட் போனாப் போகட்டும் தம்பி, படத்த எடுத்துத் தாங்க” என்று சொல்லி, புதிய தட்டுக்கான பணத்தை இரு தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டார். கடை கண்ட மிகச் சரியான தீர்மானங்களுள் அது ஒன்று.

பிரதி எடுப்பதற்கு லினக்ஸில் வழமையாக உள்ள டிடி என்னும் கட்டளை இத்தகைய தட்டுக்குப் பொருந்தாது. அது முதற் பிழையிலேயே நின்றுவிடும். பிழையைக் கடந்து செல்லுமாறு பணித்தாலும், பழுதான இடத்தில் முட்டி முட்டி வாசித்துத் தலையைக் களைப்பிக்கும். அன்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய குனு டிடிரெஸ்கியூ வேறு விதமாகச் சிந்திக்கிறது. முதலில் எளிதில் வாசிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் வேகமாக அள்ளி, பிழை வந்தவிடத்தைத் தாண்டி அப்பால் செல்லும். பின்னர் திரும்பி வந்து, விட்ட பகுதிகளின் ஓரங்களை இரு பக்கமிருந்தும் கத்தரிக்கும். இறுதியில் எஞ்சிய நடுப்பகுதியைச் செக்டர் செக்டராகச் சுரண்டிப் பார்க்கும். தட்டு எப்போது முற்றாக நின்றுவிடும் என்பது தெரியாத நிலையில், கிடைக்கக்கூடியதில் பெரும்பங்கை முதலிலேயே பத்திரப்படுத்தும் இந்த ஒழுங்கு, ஆழ்ந்த அனுபவத்திலிருந்து பிறந்தது என்றே இந்நினைவுக்குரியவர் கருதுகிறார்.

அதன் இன்னொரு சிறப்பு ஓட்டமாவடிக்கென்றே செய்ததுபோல் இருந்தது. எந்தெந்த இடம் வாசிக்கப்பட்டது, எது விடப்பட்டது என்பதை அது ஒரு பதிவுக் கோப்பில் இடையிடையே எழுதிவைக்கும். மின்சாரம் நின்று, யூபிஎஸ் பற்றரியும் தீர்ந்து, கணினி அணைந்துபோனாலும், மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். ஸ்டூடியோவின் தட்டைப் பிரதி எடுத்த நாட்களில் மின்சாரம் பலமுறை போய் வந்தது. ஒருமுறைகூட முதலிலிருந்து தொடங்க நேரவில்லை. யூஎஸ்பி 2.0 வழியே செய்யாமல் தட்டுகள் இரண்டையும் கணினிக்குள்ளேயே சாட்டா கேபிளில் பொருத்தியமையும் நேரத்தைக் குறைத்தது. யூஎஸ்பியின் வேகத்தில் நல்ல 500 ஜிபி தட்டுக்கே நான்கைந்து மணிநேரம் வேண்டும்.

நல்ல பகுதிகள் விரைவில் வந்துவிட்டன. எஞ்சிய சிறு பகுதிக்குச் சென்ற நேரமே அதிகம். ஏனெனில் வாசிக்க முடியாத ஒவ்வொரு இடத்திலும் தட்டு தனக்குள் மீண்டும் மீண்டும் முயன்று பார்த்த பின்னரே தோல்வியை அறிவிக்கிறது, லினக்ஸின் கருநிரலும் ஒரு கட்டளைக்கு வழமையாக 30 விநாடி வரை பொறுத்திருக்கிறது. இங்கு ஒரு நுட்பம் உதவியது. லினக்ஸ் பொதுவாக 4096 பைட் கொண்ட பக்கங்களாகவே தட்டை வாசிப்பதால், ஒரேயொரு 512 பைட் செக்டர் கெட்டாலும் அதனோடு சேர்த்து எட்டுச் செக்டர்கள் கெட்டவையாகத் தோன்றும். டிடிரெஸ்கியூவை இடைத்தாங்கி நினைவகத்தைத் தவிர்த்து நேரடியாக வாசிக்கும்படி பணித்தபோது, அந்த எட்டில் ஏழு பல இடங்களில் உயிரோடு வந்தன.

அடுத்து, எஞ்சிய ஓட்டைகள் எந்தக் கோப்புகளில் விழுந்துள்ளன என்பதைக் கண்டறிய வேண்டியிருந்தது. லினக்ஸின் சொந்தக் கோப்பு முறைமையாயின் டீபக்எஃப்எஸ் என்னும் கருவி, செக்டர் இலக்கத்திலிருந்து கணக்கிட்ட பிளாக் இலக்கத்தைக் கொண்டு கோப்பின் பெயரைச் சொல்லிவிடும்; ஸ்டூடியோவின் தட்டு விண்டோஸுக்குரிய என்டிஎஃப்எஸ் முறைமையில் இருந்தமையால், அதற்கான என்டிஎஃப்எஸ்கிளஸ்டர் பயன்பட்டது. பெரும்பாலான ஓட்டைகள் எவருக்கும் உரிமையில்லாத வெற்றிடத்தில் இருந்தன. சில திருமணப் படங்கள் சேதமுற்றிருந்தன. ஜேபெக் முறையில் சுருக்கப்பட்ட படத்தின் நடுவே ஒரு செக்டர் இல்லாமற் போனால், அதுவரை மணமக்கள் தெளிவாய்த் தெரிய, அதற்குக் கீழே நிறங்கள் பிறழ்ந்தோ வெறும் சாம்பல் நிறமாகவோ ஆகிவிடும். அதே நிகழ்வின் வேறு படங்கள் முழுமையாகக் கிடைத்ததால் ஸ்டூடியோக்காரர் அவற்றுக்காகப் பெரிதும் கவலைப்படவில்லை.

ஆசிரியரின் கோப்பில் ஒரு செக்டர் போயிருந்தது. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட வேர்ட் கோப்பு. இலங்கைத் தமிழரிடையே யூனிகோட் பரவுமுன் ஆட்சி செய்த பாமினியில், தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைப்பலகையின் எழுத்துகளாகவும் குறிகளாகவும்தான் உள்ளே பதியப்படுகின்றன. தட்டின் செக்டர்களைத் திரையில் அப்படியே விரித்துப் பார்த்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நிரையாகத் தெரியும். அழைப்பிதழ்களைப் பாமினியிலேயே தட்டித் தட்டிப் பழகிய ஸ்டூடியோ ஊழியர் ஒருவர், அந்தக் கலவையைத் திரையில் பார்த்தவாறே தமிழாக உரக்க வாசித்தார். எங்கே வாக்கியம் அறுகிறது, எங்கே மீண்டும் தொடங்குகிறது என்பது அவ்வாறே தெரியவந்தது. 512 பைட் என்றால் பாமினியில் 512 விசையழுத்தம். ஏறத்தாழ ஐம்பது அறுபது சொற்கள். அதே வேர்ட் கோப்பு யூனிகோடில் இருந்திருந்தால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் இரண்டு பைட் வேண்டியிருப்பதால் இழப்பு ஏறத்தாழ அதன் பாதியாகவே இருந்திருக்கும். அறுந்த இடத்தின் முன்பின் வரிகளை அச்சிட்டு ஆசிரியரிடம் கொடுத்தார்கள். பள்ளிவாசலுக்குக் காணி கொடுத்தவர்களின் பெயர்கள் வரும் பத்தி அது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடையின் பலகையிலேயே அமர்ந்து, அப்பெயர்களை நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தார்.

அதன் பின்னரே பழைய தட்டின்மீது எழுதும் வேலை தொடங்கியது. எச்டிபார்ம் என்னும் கருவி குறிப்பிட்ட ஓர் இலக்கச் செக்டரை வாசிக்கவும் அதன்மீது சுழியங்களை எழுதவும் வல்லது. எழுதும் கட்டளைக்கு, தாம் செய்வதை அறிந்தே செய்வதாக ஒரு நீண்ட உறுதிமொழியையும் பாவனையாளர் சேர்த்துத் தட்டச்சிட வேண்டும் என்று அதனை எழுதியவர் விதித்திருப்பது மிகவும் பொருத்தமானது. ஒவ்வொரு இலக்கமாக எழுதியபோது 197ஆம் வரியின் எண் குறைந்துகொண்டே வந்து சுழியமாயிற்று. 5ஆம் வரியோ அதே அளவுக்கு ஏறவில்லை. பாதிக்கு மேற்பட்டவை இடம் மாறாமலே எழுத்தை ஏற்றுக்கொண்டன. மின்வெட்டால் நேர்ந்த மென்பழுதுகள் அவை என்பது அதனால் உறுதியாயிற்று. எஞ்சியவை தகட்டின் ஒரே பகுதியில் நெருங்கியிருந்தன, அவையே வன்பழுது. அடுத்து, பேட்பிளாக்ஸ் கட்டளையின் அழித்தெழுதும் முறையில் நான்கு வெவ்வேறு பிட் ஒழுங்குகளை முழுப் பரப்பிலும் எழுதி மீள வாசித்துப் பார்த்தார்கள். டிடிரெஸ்கியூவைப் போல இது விட்ட இடத்தைக் குறித்து வைப்பதில்லை என்பதால், மின்சாரம் நிற்காத ஒரு பகலும் இரவும் வாய்க்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முடிவில் வன்பழுதுப் பகுதியின் அண்டையில் இன்னும் சில செக்டர்கள் இடம் மாற்றப்பட்டிருந்தன. பழுது பரவுகிறது என்பதே அதன் பொருள். தட்டு இயங்கியது, ஆனால் எவருடைய ஒரே பிரதியையும் நம்பி வைப்பதற்கு அது தகுதியற்றது என்று கடைக்காரர் உரிமையாளரிடம் தெளிவாகச் சொன்னார்.

2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோது இத்தகைய தட்டுகள் மறுபடியும் கடைகளைத் தேடி வந்தன. அசையும் பாகமற்ற எஸ்எஸ்டிகள் அதற்குள் பரவியிருந்தன. அவை பெரும்பாலும் செக்டர் செக்டராக எச்சரிக்காமல் ஒரேயடியாக நின்றுவிடுவதால், பிரதி எடுக்கக் கிடைக்கும் அவகாசம் இன்னும் குறைவு. ஸ்டூடியோக்காரர் அக்காலத்தில் எந்தத் தட்டையும் கொண்டுவரவில்லை. 2011இன் பின்னர் அவர் ஒவ்வொரு திருமணத்தின் படங்களையும் இரு தட்டுகளில் எழுதி, ஒன்றை வெள்ளம் ஏறாத உயரத்திலுள்ள தம் ராத்தாவின் வீட்டில் வைத்துவந்தார். பழைய 500 ஜிபி தட்டைத் தமக்கு வேண்டாம் என்று கடையிலேயே விட்டிருந்தார். கடைக்குப் புதிதாக வேலை பழக வருபவர்களிடம் முதலில் அதுதான் கொடுக்கப்பட்டது. ஸ்மார்ட் பதிவை வாசித்து, எந்தப் பகுதியை முதலிலும் எதைக் கடைசியிலும் பிரதி எடுக்க வேண்டும் என்று அவர்கள் சரியாகச் சொல்லும்வரை, வாடிக்கையாளரின் தட்டில் எழுதும் கட்டளை எதையும் தட்டச்சிடக் கடைக்காரர் அனுமதிக்கவில்லை.